குறைந்த காசில் விளையாட்டுக் கணினி: ஒரு சிக்கன வரலாறு



கணக்குப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டியவன் நான். ‘சிக்கன நடவடிக்கை’ என்ற தலைப்பில் வந்த சுற்றறிக்கைகளை அடுக்கி வைத்தால் என் உயரத்துக்கு வரும். அவற்றைப் படித்துப் படித்து ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. செலவைக் குறைத்துவிட்டேன் என்று ஒருவர் வந்து நின்றால் உடனே பாராட்டக் கூடாது. அந்தப் பணம் எங்கிருந்து மிச்சமானது என்று கேட்க வேண்டும். வேண்டாததை நீக்கியதால் மிச்சமா? கையில் இருப்பதை உபயோகித்ததால் மிச்சமா? இல்லை, நாளைக்கு வரவேண்டிய செலவை இன்றைக்கு ஒளித்து வைத்திருக்கிறாரா? மூன்றும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இந்தக் கேள்வியை இன்று கணினியிடம் கேட்கப் போகிறேன். அதிலும் விளையாடுவதற்கென்று குறைந்த காசில் சேர்க்கப்படும் கணினியிடம். இது இன்றைய பையன்களின் கவலை என்று நினைப்பீர்கள். இல்லை. ஐம்பது வருடக் கதை இது.

ஒரு பிரெஞ்சு முன்கதை

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் கணினிக்குக் ‘கணக்குப் போடுவது’ என்ற பொருளில் பெயர். பிரெஞ்சில் அதற்கு ‘ஒர்தினத்தேர்’ என்று பெயர். ‘ஒழுங்குபடுத்துவது’ என்று பொருள். 1955இல் ஐபிஎம் நிறுவனம் கேட்டுக்கொண்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் கொடுத்த சொல் அது.

இந்தப் பெயரை வைத்த நாட்டில்தான் நுண்செயலியை வைத்துச் செய்த முதல் சிறு கணினிகளில் ஒன்று, கூட்டிச் சேர்க்கத் தேவையில்லாத முழுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. ஆண்டு 1973. பெயர் மைக்ரால். பிரான்ஸின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, பயிர் நிலத்திலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று அளக்க ஒரு கணினி தேவைப்பட்டது. அன்றைய மினி கணினியை வாங்க அவர்களிடம் பணம் இல்லை. பிரான்சுவா ஜெர்னெல் என்ற பொறியாளர், இன்டெல்லின் 8008 சில்லை நடுவில் வைத்து ஒன்றைச் செய்து கொடுத்தார். விலை 8,500 பிராங்க். மினி கணினியின் விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இது விளையாட்டுக்காகச் செய்ததல்ல. ஆனாலும் இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. பணம் இல்லை என்ற இடத்திலிருந்துதான் இது பிறந்தது. சொந்தக் கணினி என்ற எண்ணமே ஒரு பட்ஜெட் பற்றாக்குறையில் முளைத்தது என்று சொல்லலாம்.

சில்லுக்கு ஒரு பரிசு

விளையாட்டு உள்ளே வருவது அமெரிக்காவில். 1970களின் முற்பாதியில் அட்டாரி நிறுவனத்தின் விளையாட்டு இயந்திரங்களில் மென்பொருள் கிடையாது. விளையாட்டு முழுவதும் சில்லுகளை இணைத்த சுற்றாகவே இருக்கும். ஒவ்வொரு சில்லும் காசு. ஆயிரக்கணக்கில் இயந்திரம் செய்யும்போது ஒரு சில்லைக் குறைத்தாலும் பெரிய லாபம். அதனால் ‘பிரேக்அவுட்’ என்ற செங்கல் உடைக்கும் விளையாட்டைக் குறைந்த சில்லுகளில் வடிவமைத்தால் தனிப் பரிசு உண்டு என்று அட்டாரி அறிவித்தது.

அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸ் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். செய்து கொடுத்தவர் அவருடைய நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக். நான்கு நாள் தூக்கமில்லாமல் உட்கார்ந்து நாற்பத்துச் சொச்சம் சில்லுகளில் முடித்துவிட்டார். தனக்கு 350 டாலர் கிடைத்தது என்றும், உண்மையில் வந்த பணம் பல ஆயிரம் டாலர் என்பது பின்னால்தான் தெரிந்தது என்றும் வோஸ்னியாக் சொல்லியிருக்கிறார். பங்கு பிரிப்பதில் உள்ள இந்தச் சிக்கனத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. அந்த வடிவமைப்பு அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் அட்டாரியின் பொறியாளர்களால் அதை அப்படியே உற்பத்திக்குக் கொண்டுபோக முடியவில்லை. மீண்டும் அதிகச் சில்லுகளோடு வடிவமைத்துத்தான் விற்றார்கள். மிதமிஞ்சிய சிக்கனம் அடுத்தவரால் கையாள முடியாததாகிவிடும் என்பதற்கு இது உதாரணம்.

ஆனால் வோஸ்னியாக் பெற்ற அனுபவம் வீண் போகவில்லை. 1975 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் எம்ஓஎஸ் என்ற நிறுவனம் 6502 என்ற நுண்செயலியை 25 டாலருக்கு விற்றது. போட்டியாளர்களின் சில்லுகள் அதைவிடப் பல மடங்கு விலை. அந்த மலிவான சில்லைச் சுற்றி வோஸ்னியாக் ஆப்பிள் கணினிகளைச் செய்தார். 1977இல் வந்த ஆப்பிள் 2இல் வண்ணம், ஒலி, விளையாட்டுக் கைப்பிடி எல்லாம் ஏன் வந்தன தெரியுமா? பிரேக்அவுட்டை மென்பொருளாகவே எழுதி விளையாட வேண்டும் என்ற ஆசையால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் விலை 1,298 டாலர். நம்மை விடுங்கள், அமெரிக்கத் தொழிலாளிக்கே அது எட்டாத விலை.

நான்கே சில்லுகள்

சாமானியனுக்கு எட்ட வைத்தவர் இங்கிலாந்தின் கிளைவ் சின்க்ளேர். 1980இல் அவர் விற்ற இசட்எக்ஸ்80 கணினியின் விலை 99 பவுண்ட் 95 பென்ஸ். நீங்களே சூட்டுக்கோல் பிடித்துச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் 79 பவுண்ட் 95. மறு வருடம் வந்த இசட்எக்ஸ்81 இன்னும் மலிவு: முழுதாக 69.95, உதிரியாக 49.95 பவுண்ட். அந்த இருபது பவுண்ட் வித்தியாசத்தில் தெரிவது ‘நீயே சேர்த்துக்கொள், காசு மிச்சம்’ என்ற வழக்கம்தான்.

எப்படிச் சாதித்தார் என்று ஒரு தணிக்கையாளர் கண்ணோடு பார்ப்போம்.

முதலில், வீட்டில் இருப்பதை உபயோகித்தார். திரைக்கு வரவேற்பறைத் தொலைக்காட்சி. நிரலைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கும் கேசட் ரெக்கார்டர். இரண்டையும் வாடிக்கையாளர் ஏற்கெனவே வாங்கியிருக்கிறார்.

இரண்டாவது, பல சில்லுகளை ஒன்றாக்கினார். இசட்எக்ஸ்80இல் 21 சில்லுகள் இருந்தன. பெராண்டி நிறுவனம் செய்து கொடுத்த ஒரே தனிச்சில்லு அவற்றில் 18இன் வேலையைப் பார்த்தது. ஆக இசட்எக்ஸ்81இல் மொத்தம் நான்கே சில்லுகள்.

மூன்றாவது, ஒருவரிடமே இரண்டு வேலையைக் கொடுத்தார். படம் காட்டத் தனிச் சில்லு கிடையாது. செயலிதான் கணக்கும் போட வேண்டும், தொலைக்காட்சிக்குப் படமும் அனுப்ப வேண்டும். ஒரே ஆள் சமைத்துக்கொண்டே பந்தியிலும் பரிமாறுவது போல. அதனால் திரையில் படம் இருந்தால் கணக்கு ஆமை வேகத்தில் நடக்கும். வேகமாக நடக்க வேண்டுமானால் திரை இருண்டுவிடும். நினைவகம் வெறும் 1 கிலோபைட். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கு அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இடம் வேண்டும். அந்த 1 கிலோபைட்டுக்குள் டேவிட் ஹார்ன் என்பவர் 672 பைட்டில் ஒரு சதுரங்க விளையாட்டை எழுதினார். இந்தப் பத்தியின் எழுத்துகளைச் சேமிக்க அதைவிட அதிக இடம் பிடிக்கும்.

அடுத்து 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம் இருக்கிறது. 48 கிலோபைட் நினைவகத்தில் 16 கிலோபைட் சாதாரணச் சில்லுகளில். மீதி 32? அந்தக் காலத்தில் 64 கிலோபிட் நினைவகச் சில்லுகளைத் தயாரிக்கும்போது நிறைய வீணாகும். பாதிப் பகுதி நன்றாக இருக்கும், பாதி பழுதாக இருக்கும். அந்தப் பாதி பழுதான சில்லுகளை 32 கிலோபிட் சில்லு என்று மலிவாக விற்றார்கள். சின்க்ளேர் வாங்கினார். எட்டுச் சில்லிலும் ஒரே பக்கத்துப் பாதி நன்றாக இருக்குமாறு பார்த்துச் சேர்த்து, எந்தப் பாதி என்பதைப் பலகையில் ஒரு சிறு கம்பி இணைப்பால் சொல்லிவிட்டார். வாங்கியவருக்கு எந்தக் குறையும் இல்லை. 48 என்று சொன்ன இடத்தில் 48 இருந்தது. சந்தையில் ஒரு பக்கம் அடிபட்ட மாம்பழத்தை மலிவாக வாங்கி, நல்ல பாதியை நறுக்கி வைக்கும் குடும்பத் தலைவியின் சாமர்த்தியம் இது.

இந்தக் கணினிகளைச் சேர்த்துப் பெட்டியில் போட்டது ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து டைமெக்ஸ் தொழிற்சாலை. அங்கே பயிற்சித் தொழிலாளியாக இருந்தவர் டேவிட் ஜோன்ஸ். ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது கிடைத்த பணத்தில் ஒரு கணினி வாங்கி, நண்பர்களோடு சேர்ந்து 1987இல் அதே ஊரில் ஒரு விளையாட்டு நிறுவனம் தொடங்கினார். ‘லெம்மிங்ஸ்’ அவர்களுடையது. 1997இல் வெளிவந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வும் அவர்களுடையதே. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஜிடிஏ என்று சொல்வது இதைத்தான். அந்தத் தொழிற்சாலை 1993இல் கசப்பான வேலைநிறுத்தத்தோடு மூடப்பட்டது. ஆனால் 1997இல் அதே டண்டீயின் அபர்டே பல்கலைக்கழகம் கணினி விளையாட்டுக்கென்றே பட்டப்படிப்பைத் தொடங்கியது.

மலிவான கணினி யாருடைய வீட்டுக்குள் போகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து தெரிகிறது. 1,298 டாலர் கணினி மட்டுமே இருந்திருந்தால், டண்டீ தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளாகவே இருந்திருக்கும்.

செலரானும் பென்சிலும்

1981இல் ஐபிஎம் தன் பிசியைக் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே செய்தது. போட்டியாளர்கள் அதேபோலச் செய்யத் தொடங்கினார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் பலகை ஒரு கடை, செயலி ஒரு கடை, பெட்டி ஒரு கடை என்று வாங்கிச் சேர்க்கும் ‘அசெம்பிள்டு’ கணினி உலகம் முழுக்கப் பரவியது. சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு அதனால்தான் நமக்குப் புண்ணிய க்ஷேத்திரமாயிற்று.

அந்தக் காலத்து அற்புதம் 1998 ஆகஸ்டில் நடந்தது. இன்டெல் ஒரே நாளில் இரண்டு செயலிகளை வெளியிட்டது. உயர்ந்தது, 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2. விலை 669 டாலர். தாழ்ந்தது, 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ. விலை 149 டாலர். செலரான் உள்ளே தாளம் போடுவது போல வேலை செய்யும். பலகை நொடிக்கு 66 மில்லியன் தாளம் போட்டால், செயலி ஒவ்வொரு தாளத்துக்கும் நாலரை அடி எடுத்து வைக்கும், அதுதான் 300. நாலரை என்பதை மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் தாளம் பலகையின் கையில். அதை 100 ஆக்கினால்? 450! பெரும்பாலான செலரான்கள் முகம் கோணாமல் அந்த வேகத்தில் ஓடின. செயலிக்கு உள்ளேயே அதன் முழு வேகத்தில் ஓடும் 128 கிலோபைட் இடைநினைவகம் இருந்ததால், விளையாட்டுகளில் 669 டாலர்காரனோடு தோளோடு தோள் நின்றது.

வித்தியாசம் 520 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 22,000 ரூபாய். அப்போது மேல்நிலை எழுத்தரின் சம்பள விகிதம் 4000-100-6000. நான்கைந்து மாத அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எப்படிச் சாத்தியம்? தொழிற்சாலையில் நல்ல சில்லுகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விளையும். ஆனால் சந்தையில் மலிவுப் பொருளைக் கேட்பவர்கள்தான் அதிகம். ஆகவே வேகமாக ஓடக்கூடிய சில்லுக்கும் குறைந்த வேகச் சீட்டை ஒட்டி அனுப்புவார்கள். முதல் வகுப்பு அரிசியே மலிவுச் சாக்கில் வந்தது போலத்தான்.

2000இல் ஏஎம்டியின் புதிய அத்லான், டியூரான் செயலிகள் வந்தன. அவற்றில் அந்த ‘நாலரை’யையே மாற்றலாம். செயலியின் மேற்பரப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன இணைப்புப் பாலங்கள். அவற்றைத் தொழிற்சாலையில் லேசரால் வெட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பென்சிலை எடுத்து வெட்டிய இடத்தில் கோடு இழுத்தால் போதும். பென்சில் கரி மின்சாரம் கடத்துமல்லவா, பூட்டுத் திறந்துவிடும். அந்தப் பாலங்களுக்குப் பெயர் ‘எல்-1’. எங்கள் அலுவலகத்தில் மிகக் குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கும் ‘எல்-1’ என்றுதான் பெயர்! மறு வருடம் வந்த அத்லான்களில் அந்த இடத்தைப் பள்ளமாக்கிவிட்டார்கள். பென்சில் ஓய்வு பெற்றது.

குறைக்கக் கூடாத இடம்

இப்போது மூன்றாவது வகைச் சிக்கனத்துக்கு வருகிறேன். என் மகன் கல்லூரி இறுதி ஆண்டு படித்தபோது அசெம்பிள் செய்த கணினி ஒன்று வீட்டுக்கு வந்தது. பாகங்களின் பட்டியல் அவனுடையது, கடை வேறு ஒருவருடையது. மழைக்கால இரவு ஒன்றில் மின்சாரம் போய் வந்தது. டப் என்று ஒரு சத்தம், கருகிய வாடை. மின்வழங்கிப் பெட்டி, அதாவது எஸ்எம்பிஎஸ், போனதோடு பலகையையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டிஸ்க்கில் அவனுடைய புராஜெக்ட் இருந்தது. ஒப்படைக்கப் பதினைந்து நாள்தான் பாக்கி. திறந்து பார்த்தால் பில்லில் எழுதியிருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்தது கேபினெட்டோடு இலவசமாக வரும் வேறொன்று. மேலே 450 வாட் என்று சீட்டு. கையில் எடுத்தால் காலி டப்பா கனம்.

சின்க்ளேர் பாதிச் சில்லை வைத்தபோது 48 என்று சொல்லி 48 கொடுத்தார். இங்கே 450 என்று சொன்னது வெறும் சீட்டு. இதைத்தான் நான் நாளைய செலவை இன்று ஒளித்து வைப்பது என்று சொன்னேன். பையன் இரவு பகலாக உட்கார்ந்து மறுபடி எழுதி ஒப்படைத்தான். அந்தப் பதினைந்து நாள் கடைக்காரரின் கணக்கில் எங்கும் வரவில்லை.

இன்றைய பட்டியல்

மகள் வயிற்றுப் பேரன் பதினோராம் வகுப்பு. போன வருடம் ஒரு லட்ச ரூபாய்க்குப் பட்டியல் கொண்டு வந்தான். “தாத்தா, இதுக்குக் கீழ போனா விளையாடவே முடியாது” என்றான். ஓய்வூதியத்திலிருந்து நான் ஒதுக்கியது நாற்பதாயிரம். பழைய பழக்கத்தில் பட்டியலை மேசையில் விரித்து, வரி வரியாகச் சிவப்பு மையில் குறித்தோம். பழைய கதைகள் அத்தனையும் அங்கே வேலைக்கு வந்தன.

திரை: வீட்டில் இருக்கும் தொலைக்காட்சியே போதும். சின்க்ளேர் வழி.

கணினி: நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் உபயோகித்துக் கழித்துவிடும் அலுவலகக் கணினிகள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. அடிபட்ட மாம்பழ வழி. ஆனால் வாங்கும்போது செயலி இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தையவை பெரும்பாலும் விண்டோஸ் 11க்கு அதிகாரப்பூர்வமாகத் தகுதி பெறுவதில்லை. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

கிராபிக்ஸ் கார்டு: அலுவலகக் கணினியின் மின்வழங்கி சிறியது, பல மாடல்களில் அதன் இணைப்பும் பொது அளவில் இருக்காது, மாற்றுவது சிரமம். ஆகவே பலகையின் துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கார்டாக இருக்க வேண்டும். அந்தத் துளை 75 வாட் வரை கொடுக்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவற்றில் தனி மின்கம்பி வேண்டாத வகைகள் உண்டு. பெட்டி ஒல்லியாக இருந்தால் குட்டை உயரக் கார்டுதான் நுழையும். அளவுகோலோடு போவது நல்லது.

பழைய கார்டு வாங்கினால் அதன் பூர்வோத்தரம் கேட்க வேண்டும். கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக 2021 வாக்கில் கார்டுகளை மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள். விலை இரண்டு மடங்கானது. 2022 செப்டம்பரில் எதிரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் தோண்டும் வேலை நின்றது. இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓடவிட்டு விசிறிச் சத்தத்தையும் சூட்டையும் பார்க்க வேண்டும்.

நினைவகம்: ஒரே 16 கிகாபைட் கட்டையைவிட இரண்டு எட்டுகள் மேல். இரண்டு கை சேர்ந்து வேலை செய்யும்.

சேமிப்பு: எஸ்எஸ்டி புதிதாகவே வாங்க வேண்டும். இதில் பழசு வேண்டாம்.

மின்வழங்கி தனியாக வாங்கும்படி இருந்தால், பெயருள்ளதாக, உத்தரவாதச் சீட்டோடு, பில்லில் மாடல் எண்ணோடு. இந்த வரியில் சிவப்பு மைக்கு இடமில்லை.

எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் அடங்கியது. ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் வந்ததில் ஸ்டெபிலைசருக்கு ஒதுக்கினேன். பேரன் கேட்ட வண்ண வண்ண விளக்கெரியும் விசிறிகளுக்கு மட்டும் நிதி ஒப்புதல் கிடைக்கவில்லை. இப்போது விளையாட்டுகளில் தோற்றத் தரத்தை நடுத்தரத்தில் வைத்துக்கொண்டு சுகமாக விளையாடுகிறான். ஒரு மாதமாகத் தானே சின்ன விளையாட்டு ஒன்றை எழுதவும் தொடங்கியிருக்கிறான். பந்து வந்து செங்கல்லை உடைக்கிறது. பிரேக்அவுட் கதையை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பட்டியல் வந்தால், விலை அதிகம் என்று உடனே மறுக்காதீர்கள். மலிவு என்று உடனே கையெழுத்தும் போடாதீர்கள். ஒவ்வொரு வரியிலும், மிச்சமாகும் பணம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர்களுக்கும் கணக்குப் பழகும்.

எங்கள் அலுவலகம் தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு மாறிய கதை தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.